அமெரிக்கா, சீனா, ரஷ்யா போட்டியில் இந்தியா யார் பக்கம் நிற்க வேண்டும்? டெல்டா விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

அடியுரம் இருக்கிறது, அதாவது நடவுக்கு முன் கடைசி உழவில் போடும் உரம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் நெல் நடுகிறவர்களுக்கு வெளியுறவுக் கொள்கை எப்படிப் போகிறது என்பது சொசைட்டி கிடங்கில் டி.ஏ.பி. (மணிச்சத்தும் கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள உரம்) மூட்டை இருக்கிறதா என்பதிலேயே தெரிந்துவிடும்.

கணக்கைப் பார்ப்போம். டெல்டாவின் குறுகிய காலக் குறுவை நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து 150:50:50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20. மணிச்சத்தை டி.ஏ.பி.யில் கொடுத்தால் 43 கிலோ, 50 கிலோ மூட்டை ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 14 கிலோவுக்கு மேல், ஒரு வேலிக்கு (20 மா) ஆறு மூட்டை. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் 33 கிலோ. மீதித் தழைச்சத்துக்கு 45 கிலோ யூரியா இரண்டரை மூட்டை.

மூட்டையில் பெரிதாக 'பாரத்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது பல நாட்டுச் சரக்கு. பொட்டாஷ் முழுக்க இறக்குமதி: கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல். டி.ஏ.பி.யில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. இங்கேயே செய்வதற்கும் பாறை பாஸ்பேட்டோ பாஸ்பாரிக் அமிலமோ மொராக்கோ, ஜோர்டான் போன்ற இடங்களிலிருந்து வந்தாக வேண்டும். யூரியாவின் பெரும்பகுதி நம் ஆலைகளில்தான் தயாராகிறது, ஆனால் அதற்கான எரிவாயுவில் ஒரு பெரிய பங்கு கத்தாரிலிருந்து, பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை வழியாகக் கப்பலில் வருகிறது.

இப்போது வல்லரசுகளிடம் வருவோம். 2021 அக்டோபரில் சீனா பாஸ்பேட் உர ஏற்றுமதிக்குச் சுங்கப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பெயர்தான் பரிசோதனை, நடந்தது கட்டுப்பாடு. 2022 பிப்ரவரியில் பெலாரஸ் பொட்டாஷ் லிதுவேனியாவின் கிளைபேடா துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை மூடப்பட்டது. அதே மாதம் உக்ரைன் போர். ரஷ்யா மீதான தடைகளில் உரத்துக்கு அமெரிக்கா விலக்கு கொடுத்திருந்தது உண்மைதான். ஆனால் பணம் அனுப்பும் வங்கியும் கப்பலைக் காப்பீடு செய்யும் நிறுவனமும் தயங்கினாலே சரக்கு நின்றுவிடும். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹவுதி படையினர் தாக்குதல், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதாயிற்று. விலைச் சுமையை அரசு பெரும்பாலும் தாங்கியது. 2022-23ல் உர மானியம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது, டி.ஏ.பி. 1,350 ரூபாயில் நின்றது. பொட்டாஷுக்கு அந்த அளவு தாங்கல் இல்லை. மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது, பலர் அதை விட்டேவிட்டார்கள்.

விலையைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது நாள்தான். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணையில் தண்ணீர். குறுவை நடவு ஜூலைக்குள் முடிய வேண்டும். மணிச்சத்து மண்ணில் நகராது. கடைசி உழவில் போட்டு வேர்ப் பக்கம் இருந்தால்தான் பயிர் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) கட்டும். நட்டு முப்பது நாள் கழித்து டி.ஏ.பி.யைத் தூவினால் அதிலுள்ள தழைச்சத்துக்குப் பச்சை ஏறும், தூர் ஏறாது. எங்கோ ஒரு துறைமுகத்தில் மூன்று வாரம் தாமதம் என்றால் இங்கே ஒரு போகத்தின் அடியுரம் போச்சு.

டி.ஏ.பி. கிடைக்காத ஆண்டில் நடக்கும் பெரிய தவறு, அந்தக் குறையை யூரியாவால் நிரப்பப் பார்ப்பது. பயிர் கருகருவென்று வரும், தோகை தொளதொளக்கும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் பின்னாலேயே வரும். பொட்டாஷும் இல்லையென்றால் தண்டு தாங்காமல் அறுவடை நேரத்து மழையில் சாய்ந்துவிடும். அதற்குப் பதில் 20:20:0:13 காம்ப்ளெக்ஸ் (தழை, மணி, சாம்பல், கந்தகம் இந்தச் சதவீதத்தில் கலந்த உரம்) ஏக்கருக்கு இரண்டு மூட்டை போட்டால் மணிச்சத்து முழுதும் வந்துவிடும், யூரியா இரண்டு மூட்டை போதும். சூப்பர் பாஸ்பேட் என்றால் இரண்டரை மூட்டை, யூரியா மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கூடவே கந்தகமும் கிடைக்கும். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் அளவைக் குறைக்கலாம். மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியாவை ஏக்கருக்கு 800 கிராம், பத்துப் பத்து கிலோ தொழு உரத்திலும் மண்ணிலும் கலந்து நடவுக்கு முன் தூவலாம். ரசாயன உரத்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், அந்த நுண்ணுயிர் செத்துவிடும்.

சரி, யார் பக்கம்? யார் பக்கமும் சாயாமல் ரஷ்யாவிடமும் வாங்கியது சரியென்றே நினைக்கிறேன். போர் நடத்தும் நாட்டிடம் வாங்கலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொட்டாஷ் விற்கும் நாடுகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதே சமயம் நடுநிலை என்று அறிவித்துவிட்டதால் மூட்டை வந்துவிடாது. எல்லையில் இறுக்கம் தொடர்ந்த காலத்திலேயே டி.ஏ.பி.க்குச் சீனாவை அவ்வளவு நம்பியிருந்தோம். 2024-25ல் அங்கிருந்து வந்தது முந்தைய ஆண்டில் பாதிகூட இல்லை. 2025 ஜூலையில் சவூதியின் மாடன் நிறுவனத்தோடு ஆண்டுக்கு 31 லட்சம் டன் வீதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்ல வேலை. ஆனால் அந்தச் சரக்கு ஏறும் ராஸ் அல் கைர் துறைமுகம் பாரசீக வளைகுடாவுக்குள் இருக்கிறது, வெளியே வர ஹோர்முஸைத்தான் தாண்ட வேண்டும். யூரியாவுக்கான எரிவாயுவும் டி.ஏ.பி.யும் ஒரே வாசலில் நிற்கும் நிலை இது. அட்லாண்டிக் கரையிலிருக்கும் மொராக்கோவோடும் இதே மாதிரி நீண்ட கால ஒப்பந்தம் வலுவாக வேண்டும். அதைவிட முக்கியம், குறுவைக்கான டி.ஏ.பி. மே முடிவதற்குள் டெல்டா கிடங்குகளில் இறங்கியிருக்க வேண்டும்.

இதை டெல்லியில் போய்க் கேட்க வேண்டியதில்லை. கலெக்டர் ஆபீஸில் மாதந்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில், ஏப்ரலிலேயே, "உரம் இருப்பு உள்ளதா" என்று பொதுவாகக் கேட்காமல் இப்படிக் கேளுங்கள்: இன்றைய டி.ஏ.பி. இருப்பு எத்தனை டன், அதில் சொசைட்டிகளில் எவ்வளவு, தனியார் கடைகளில் எவ்வளவு, அடுத்த சரக்கு ரயில் எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் தேதியில் வருகிறது. மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.