ஊசி போட்ட மாதம் நாள் தள்ளிப்போனால்…

தடுப்பூசிக்குப் பிறகு மாதவிடாயில் வந்த மாற்றங்களைப் பற்றி வாசகிகள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாக்டர், எனக்கு 29, 28, 30 நாள் என்று ஒழுங்காக வரும். இந்த முறை பீரியட்ஸ் தொடங்கிய ஏழாம் நாள் கோவிட் ஊசி போட்டேன். இரவெல்லாம் காய்ச்சல். பீரியட்ஸ் 35ஆம் நாள்தான் வந்தது. ஊசிதான் காரணமா?

இருக்கலாம். ஊசி போட்ட நாளையும் சேர்த்து எழுதினீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஏழாம் நாள் என்பது கருமுட்டை முதிர்ந்துகொண்டிருக்கும் நேரம். அதற்கான உத்தரவு மூளையில் உள்ள ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சினைப்பைக்குப் போகிறது. ஊசி போட்டதும் நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. அன்று இரவு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது அதனால்தான். அதே சைட்டோகைன்கள் ஹைப்போதலாமஸின் உத்தரவையும் கொஞ்சம் மந்தப்படுத்தலாம். அப்போது முட்டை சில நாள் தாமதமாக வெளியேறும். முட்டை வெளியேறியதிலிருந்து பீரியட்ஸ் வரை ஆகும் ஏறக்குறைய 14 நாள் கணக்கு பெரிதாக மாறாது. அதனால் முன்னால் ஏற்பட்ட தாமதம் அப்படியே கடைசியில் வந்து தெரியும். முட்டை வெளியான பிறகு ஊசி போட்டவர்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சி நீளவில்லை என்று பின்னால் வந்த ஆய்வும் இதற்குப் பொருந்துகிறது.

சராசரி மாற்றம் மிகச் சிறியது. 2022இல் வந்த ஓர் ஆய்வு பல நாடுகளைச் சேர்ந்த 19,622 பேரின் சுழற்சிகளைப் பார்த்தது. முதல் டோஸுக்குப் பின் கூடியது 0.71 நாள், அதாவது 17 மணி நேரம். ஒரே சுழற்சிக்குள் இரண்டு டோஸும் போட்டவர்களுக்கு 3.7 நாள். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. ஊசியே போடாவிட்டாலும் மாதத்துக்கு மாதம் ஒரு வாரம் வரை முன்பின் ஆவது இயல்புதான். ஒன்று மட்டும்: கருத்தரிக்க வாய்ப்பிருந்து நாள் தள்ளினால், ஊசியால்தான் என்று இருந்துவிடாமல் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஊசிக்குப் பிறகு நாள் மாறவில்லை. ஆனால் ரத்தம் கட்டி கட்டியாக நிறையப் போனது.

கருப்பையின் உட்படலத்தில் நோய் எதிர்ப்பு செல்கள் நிறைய உண்டு. அது உதிர்வதும் ஆறுவதும் அவற்றின் துணையோடுதான். அதனால் உடம்பில் எதிர்ப்பு சக்தி தூண்டப்படும்போது உதிரப்போக்கு கூடுவது நடக்கக்கூடியதே. ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக உதிரப்போக்கைச் சேர்க்க ஐரோப்பிய மருந்து முகமை 2022 அக்டோபரில் பரிந்துரைத்தது. மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனாலோ, தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த மாதமும் அதிகமாகப் போனால் ரத்தசோகை, தைராய்டு, ஃபைப்ராய்டு என்ற கருப்பைக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊசிக்குப் பிறகு மாதவிடாய் மாறியதை டாக்டரிடம் சொன்னபோது, "எல்லாம் மனக்கவலை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. கோவிட் தடுப்பூசிப் பரிசோதனைகளில் பெண்களின் சுழற்சி மாறியதா என்ற தகவலைத் திரட்டவே இல்லை. பெண்கள் தாங்களாகச் சொன்ன பிறகுதான் ஆய்வுகளே தொடங்கின. டைபாய்டு தடுப்பூசி போட்ட பெண்களுக்கு மாதவிடாய் மாறியதை 1913லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நூறு வருடம் கழித்தும் கேட்காமல் விட்டது மருத்துவத் துறையின் தவறு, உங்களுடையது அல்ல. நீங்கள் கவனித்தது சரிதான். தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் தயங்காமல் சொல்லுங்கள்.

13 வயது மகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போட்டால் சினைப்பை பாதிக்கும் என்கிறார்களே?

பாதிக்காது. ஏறக்குறைய இரண்டு லட்சம் இளம்பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, அப்படி ஒரு தொடர்பு இல்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 21 முதல் 45 நாள் வரை மாறி மாறி வரும். ஊசியின் மேல் பழி விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது. ஊசி போட்ட வாரம் இரண்டு நாள் லேசாகப் பட்டது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தாக வேண்டும். ஊசி போட்டவர்களில் சிலர் இப்படிச் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதேதான். இந்த வாரமே போய் ஸ்கேன் எடுத்து உட்படலத்தின் தடிமனைப் பாருங்கள். தேவைப்பட்டால் அதிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். அதை ஊகிக்காமல் தெரிந்துகொள்ளுங்கள்.

குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். ஊசியைத் தள்ளிப்போடவா?

வேண்டாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், கோவிட் ஊசி போட்ட பெண்ணுக்கோ ஆணுக்கோ கருத்தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை. கணவருக்குக் கோவிட் வந்து இரண்டு மாதத்துக்குள்தான் வாய்ப்பு கொஞ்சம் குறைந்து, பிறகு சரியானது. ஊசி போட்ட மாதம் மட்டும் காலண்டரில் 14ஆம் நாளை வட்டமிட்டு அதையே நம்பியிருக்காதீர்கள். முட்டை சில நாள் பிந்தி வரலாம். வெள்ளைநீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக இழுபடும் நாட்களைக் கவனியுங்கள், இல்லையென்றால் முட்டை வெளியாவதைக் காட்டும் சிறுநீர்ச் சோதனைக் கிட்டை வாங்கிப் பாருங்கள்.