வீட்டுக்குள்ளேயே ஓர் அரட்டை

கேள்வி: பிள்ளைகளுக்கு எட்டு வயது, பதினொரு வயது. இணையத்துக்கே போகாமல், வீட்டு வைஃபைக்குள் மட்டும் ஓடும் அரட்டைச் செயலியை நானே எழுத முடியுமா?

பதில்: தாராளமாக. நான் எழுதியது பைத்தான் என்ற நிரல்மொழியில் நூறு வரிகூட இல்லை. ஒரு பழைய மடிக்கணினி சர்வராக, அதாவது செய்திகளை வாங்கி அனுப்பும் மையக் கணினியாக, இருந்தால் போதும். பிள்ளைகள் பிரவுசரில் 192.168.1.20 என்பதுபோல ஒரு முகவரியைத் திறப்பார்கள், அவ்வளவுதான். இந்த வகை முகவரிகள் தனி வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளி இணையத்திலிருந்து வீட்டுக் கணினிக்கு வழிவிடும் அமைப்பு) மட்டும் திறந்துவிடாதீர்கள். செய்தி உடனுக்குடன் போய்ச் சேர, பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

மடிக்கணினியின் முகவரியை ரவுட்டரில் நிலையாக்கிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். ரவுட்டரை ஒருநாள் அணைத்துப் போட்டதும் முகவரி மாறிவிட்டது. “அப்பா, அரட்டை செத்துவிட்டது!” என்று அடுத்த அறையிலிருந்து மகள் கத்தினாள். (அவர்களுக்கு அதுவே வேகமான வழி என்பது வேறு விஷயம்.)

பிள்ளைகள் தட்டுவதை எச்டிஎம்எல்லாக (பக்கத்தின் தோற்றத்தை பிரவுசருக்குச் சொல்லும் குறியீடு) அல்ல, வெறும் எழுத்தாகவே திரையில் காட்டுங்கள். என் மகன் இரண்டே நாளில் ஓட்டையைக் கண்டுபிடித்து, அக்காவின் திரை முழுவதும் ‘தூங்கு’ என்று ராட்சத எழுத்தில் ஓடவிட்டான். திட்டத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.