பிவாவோடு வருகிறவன்

கேள்வி: 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' வீடியோ விளையாட்டில் மங்கோலியர்களை விரட்டிக்கொண்டு போகிற நேரத்தில், யாமட்டோ என்கிற பாட்டுக்காரன் நரம்பு வாத்தியத்தோடு உட்கார்ந்து கதை சொல்கிறான். வாள் விளையாட்டில் இந்த அலங்காரம் எதற்கு?

பதில்: அலங்காரமா? அவன் சொல்லும் கதையைக் கேட்டால்தானே அந்தப் பழைய வில்லும் அபூர்வ வாள்வீச்சும் உங்கள் கைக்கு வருகின்றன! நாயகன் ஜின் எழுதும் ஹைக்கூ கூட அந்தக் காலத்துக்கு ஒட்டாது. அது பிற்கால வடிவம். யாமட்டோ அப்படியில்லை. விளையாட்டின் கதை நடக்கும் 1274-இல் ஜப்பானில் அவனைப் போன்றவர்கள் நிஜமாகவே ஊர் ஊராகத் திரிந்தார்கள்.

அவர்களுக்கு பிவா ஹோஷி என்று பெயர். தலையை மழித்துத் துறவிக் கோலத்தில் அலைந்தவர்கள், பெரும்பாலும் பார்வையற்றவர்கள். பிவா என்பது அவர்கள் கையிலிருந்த நரம்பு வாத்தியம், அதற்கு நான்கு நரம்புகள். விரலால் மீட்டுவதில்லை, விசிறிபோல் அகன்ற மரத்தகட்டால் அடித்து மீட்ட வேண்டும். அவர்கள் பாடியது ஹெய்கே கதை. தைரா குலம் 1185-இல் தன்னோஊரா கடற்போரில் அழிந்த கதை. தோல்வி உறுதியானதும் குழந்தைப் பேரரசன் அந்தோகுவை அணைத்துக்கொண்டு பாட்டி கடலில் குதிக்கிறாள். ஜின்னின் காலத்துக்கு 89 வருடம் முந்தைய சாவு அது. ஜெயித்தவனைப் புகழ்வதைவிட, செத்தவர்களின் ஆவி அமைதியடையட்டும் என்றே அதைப் பாடினார்கள். நமக்கு அந்தக் கதை கிடைத்ததிலும் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு: அகாஷி காகுஇச்சி என்ற பார்வையற்ற கலைஞர் 1371-இல் தாம் பாடிய பாடத்தைச் சீடருக்குச் சொல்லி எழுதவைத்தார்.

எனக்கு யாமட்டோ மேல் குறை உண்டு, ஆனால் அது உங்கள் குறைக்கு நேர் எதிர். மை ஓவியங்கள் அசைய அவன் கதை சொல்லும் இடங்கள் அழகுதான். சரி, முடிந்ததும் என்ன? ஆயுதம் இருக்கும் திசையைக் காட்டுகிறான், நாம் குதிரையேறிவிடுகிறோம். இறந்தவர்களுக்காகப் பாடிய ஒரு மரபை வழிகாட்டிப் பலகையாக்கியது போதாது. அவனுக்கு இன்னும் அதிக நேரம் கொடுத்திருக்க வேண்டும், ஒரு முழுப் பாட்டாவது.

ஜப்பானின் குமாமோத்தோ பகுதியில் யமாஷிகா யோஷியுகி என்பவர் 1996-இல் இறந்தார். கடைசி பிவா ஹோஷி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் பாடிய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஒன்றைக் கேட்டுவிட்டு, யாமட்டோ எதிரில் போய் மறுபடி உட்காருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.