பாய்மரப் படகுக்குச் செய்மதித் தொலைக்காட்சி தேவையா?

வணக்கம். கொழும்பிலிருந்து மாலைதீவு செல்லவிருக்கும் உங்கள் படகில், கிரிக்கெட் பார்ப்பதற்காகச் செய்மதித் தொலைக்காட்சி பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் கருத்து, வேண்டாம் என்பதே. வீட்டுக் கூரையில் அசையாமல் நிற்கும் டிஷ், ஆடும் படகில் செய்மதியைத் தவறவிடும் என்பதால், மோட்டாரால் தானே திரும்பி அதைப் பின்தொடரும் அன்டெனா தேவைப்படும். அதன் விலையும் அதிகம், பற்றரியையும் ஓயாமல் உறிஞ்சும். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்தியரேகைக்கு மேலே நிற்பவை, கொழும்பு அதற்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கில்தான் இருப்பதால், நம் தீர்க்கரேகைக்கு நேரான செய்மதி அடிவானிலிருந்து 80 பாகைக்கும் மேலே, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக நிற்கும், அவ்வளவு நிமிர முடியாத அன்டெனாக்களும் விற்பனையில் உள்ளன. கரையோரம் நங்கூரமிட்டிருக்கையில் கைப்பேசி இணையமே போதும். நடுக்கடலில், இரவுக் காவலில் இருப்பவரின் கண் திரையில் இருப்பதை நான் விரும்பமாட்டேன்.