கத்தி, கிடா, லாரி: கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்

ஆம்பூர் வாசகர்: ஹலால் அறுப்பில் வலிக்குமா, வலிக்காதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க டாக்டர்.

ஒரே வார்த்தையில் அடங்காது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கணக்கு வேறு. கழுத்தின் முன்பக்கத் தமனிகள் இரண்டும் ஒரே இழுப்பில் அறுபட்டால் ஆட்டுக்குச் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாட்டுக்கு முதுகெலும்பை ஒட்டியும் ஒரு தமனி மூளைக்குப் போகிறது. கத்தி அங்கே எட்டாது, அதனால் நேரம் நீளும். நியூசிலாந்தில் கன்றுகளின் மூளை அலையைப் பதிவுசெய்தவர்கள், அறுக்கும்போது வலியின் அடையாளம் தெரிவதாக 2009-ல் எழுதினார்கள். 'துளிகூட வலிக்காது' என்பவர்களை நான் நம்புவதில்லை. மொண்ணைக் கத்தியோடு மட்டும் யாரும் கிளம்பாதீர்கள்.

குடியாத்தம்: அம்மனுக்கு வெட்டும் கிடா ஒரே வெட்டில் போய்விடுகிறதே, அதுதானே நல்லது?

ஒரே வெட்டில் போனால் சரி. இரண்டாவது வெட்டு விழுந்த கிடாக்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கும் முன்னால் பம்பைச் சத்தம், கூட்டம், சிலிர்க்கும்வரை தலையில் மஞ்சள் தண்ணீர். அந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

காட்பாடி: மின்சாரத்தில் மயக்கிவிட்டு அறுத்தால் சண்டையே இல்லையே?

மேல்விஷாரம்: மயக்கும்போதே செத்துவிட்டால் ஹராம் சார். அவருக்கு அதைச் சொல்லுங்கள்.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தலையில் மட்டும் மின்சாரம் கொடுக்கும் முறை உண்டு. அறுக்காமல் விட்டால் ஆடு எழுந்து நடக்கும். நியூசிலாந்தின் ஹலால் இறைச்சி அப்படித்தான் ஏற்றுமதியாகிறது. மார்க்கத்தில் கூடுமா என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

காட்பாடி: பெல்ஜியம் மாதிரி இங்கேயும் தடை போட வேண்டியதுதானே?

அங்கே இரண்டு பிராந்தியங்களில் 2019 முதல் மயக்காமல் அறுக்கத் தடை. ஐரோப்பிய நீதிமன்றமும் 2020-ல் அது செல்லும் என்றது. இங்கே 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, மதம் கேட்கும் முறையில் கொல்வது குற்றமில்லை என்கிறது. கோயில் பலியைத் தடுக்கும் 1950-ம் வருடச் சட்டத்தை 2003-ல் தூசி தட்டிய தமிழக அரசே 2004-ல் அதை ரத்து செய்ததும் நினைவிருக்கட்டும். தடை கேட்கிறவர்கள் அடுத்தவர் வீட்டுக் கத்தியைத்தான் காட்டுகிறார்கள்.

பேரணாம்பட்டு: ஹலால் நல்லதா, ஒரே வெட்டு நல்லதா?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

வாணியம்பாடி: ஹலாலா, வெட்டா, எது மேல்?

ஐயா, இதே கேள்விதான்! செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போய், மாடு ஏற்றும் வண்டிகளைப் பாருங்கள். வால் முறுக்கி ஏற்றி, நெருக்கி நிறுத்தி, தண்ணீர் காட்டாமல் மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எந்த மதமும் அப்படிக் கேட்கவில்லை. 28-வது பிரிவும் அங்கே காப்பாற்றாது, வண்டியில் வதைப்பது அதே சட்டத்தில் குற்றம்.

பள்ளிகொண்டா: பக்ரீத்துக்கு வீட்டிலேயே அறுக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முந்தின நாளே கொண்டுவந்து நிழலில் கட்டுங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். இன்னொரு ஆட்டின் கண் முன்னால் அறுக்காதீர்கள். கத்தியைத் தீட்டுங்கள், ஆனால் ஆட்டின் எதிரில் வேண்டாம். அறுத்தபின் கண்மணியைத் தொட்டால் இமை அசைகிறதா பாருங்கள். அசைந்தால் தோலை உரிக்கக் கை வைக்காதீர்கள்.