அலுவல் பயணமாக ஜப்பானுக்கு முதன்முறை செல்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

டோக்கியோவில் வாடிக்கையாளர் ஒருவரைச் சந்திக்கச் செல்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள்; முதலில் விசிட்டிங் கார்டுகளைத் தாராளமாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். அங்கே 'மெய்ஷி' எனப்படும் அந்த அட்டையை, எழுத்துகள் பெறுபவரை நோக்கியிருக்குமாறு எழுந்து நின்று இரு கைகளாலும் நீட்டி, சற்றே தலைவணங்கிப் பெயரையும் நிறுவனத்தையும் சொல்வது மரபு. பெற்ற அட்டையை உடனே பையில் திணிக்காமல் ஒரு கணம் படித்துவிட்டு, கூட்டம் முடியும்வரை மேசையில், எதிரே அமர்ந்திருப்போரின் வரிசைப்படி வைத்திருங்கள். பெயர்களை நினைவில் கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அட்டையின்மேல் குறிப்பு எழுதுவது அவமதிப்பாகக் கருதப்படும்.

குறித்த நேரத்திற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வரவேற்பறையில் இருங்கள். உணவகங்களில் டிப்ஸ் தரும் வழக்கமில்லை.

சைவ உணவு உண்பவராயின் கூடுதல் கவனம் தேவை: காய்கறியும் டோஃபுவும் மட்டுமே தெரியும் மிசோ சூப்பில்கூடப் பெரும்பாலும் 'தாஷி' என்னும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், விருந்துக்கு அழைப்பவரிடம் சில நாள்களுக்கு முன்பே தெரிவித்துவிடுவது இருவருக்கும் சங்கடத்தைத் தவிர்க்கும்.

மின்னழுத்தம் அங்கே 100 வோல்ட். மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் அதை ஏற்கும், ஆனால் தட்டையான இரு முனைகள் கொண்ட அடாப்டர் அவசியம்.