3 பிளஸ் என்றால் மூன்றாம் கட்டமா?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஹெர்2: 3 பிளஸ்’ என்று இருக்கிறது. மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டதா டாக்டர்? எனக்கும் வருமா?

பதில்: அந்த 3 வேறு, இந்த 3 வேறு அம்மா. கட்டியின் அளவு, நெறிக்கட்டுகள், பரவல் இவற்றை வைத்துச் சொல்வதுதான் நோயின் கட்டம். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது, என்னைப் போல, கட்டித் திசுவின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஒருவர் பழுப்பு நிறத்துக்குப் போட்ட மார்க்.

ஹெர்2 என்பது செல்லின் உறையை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். தலை வெளியே, வால் உள்ளே. ‘வளர், பிரி’ என்ற சேதியை உள்ளே கடத்துவது அதன் வேலை. இதன் பங்காளிப் புரதங்கள் வெளியிலிருந்து ஏதாவது வந்து ஒட்டினால்தான் விழிக்கும். ஹெர்2 அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை; எப்போதும் ஜோடி சேரத் தயாராகவே நிற்கும். அளவாக இருக்கும்வரை தொல்லையில்லை. சில கட்டிகளில் 17ஆம் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு பல பிரதிகளாகப் பெருகிவிடும். அப்புறம் உறை முழுக்க ஹெர்2 நெரிசல்தான். சேதி ஓயாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

சாயமேற்றிப் பார்த்தால் ஒவ்வொரு செல்லையும் சுற்றிப் பழுப்புக் கோடு, கம்பி வலை விரித்தது போலத் தெரியும். 10 சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுசெல்களில் அந்தக் கோடு முழுசாக, அழுத்தமாக இருந்தால் 3 பிளஸ். எங்களுக்குத் தலைவலி 2 பிளஸ்தான். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்வோம். ஃபிஷ் சோதனையில் மரபணுவையே எண்ணித்தான் முடிவுக்கு வர வேண்டும். அக்காவுக்கு அந்த இழுபறி இல்லை.

ஒரு காலத்தில் 3 பிளஸ் என்று எழுதவே கை தயங்கும். வேகமாக வளரும் ரகம் இது. 1998இல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தலையைத்தான் இந்த மருந்து பிடிக்கிறது. பிடிக்கத் தலை நிறைய இருப்பதால், 3 பிளஸ் என்பது இன்று மருந்துக்கு வழிகாட்டும் மார்க். சிலருக்கு இதயத்தின் பம்ப் செய்யும் வலுவை இந்த மருந்து குறைக்கும். அதனால் இடையிடையே எக்கோ எடுக்கச் சொல்வார்கள், தட்டிக்கழிக்க வேண்டாம்.

சரி, உங்களுக்கு? ஹெர்2 பெருக்கம் அக்காவின் கட்டிக்குள் நடந்தது, பிறப்பில் வந்ததல்ல. ஆனால் உடன்பிறந்தவருக்கு மார்பகப் புற்று என்பதை மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். அக்காவுக்கு எந்த வயதில் வந்தது, அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வேறு யாருக்காவது மார்பகம் அல்லது சினைப்பையில் புற்று இருந்ததா என்று எழுதி எடுத்துக்கொண்டு ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.